சார்ட்டில் எல்லாம் நார்மல், ஆனால் நோயாளி மோசமாகிக்கொண்டிருந்தார்: நான் எதைத் தவறவிட்டேன்?

புதுவார்டு

வணக்கம். அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு நைட் டியூட்டியில் நடந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

62 வயது அம்மா ஒருவர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். சார்ட் இப்படி இருந்தது:

மாலை 6 மணி (முந்தைய ஷிஃப்ட் எடுத்தது): உடல் சூடு 37.2 (செல்சியஸில்), பல்ஸ் 96, பிரஷர் 118/76, மூச்சு 18, ஆக்சிஜன் அளவு 97.
இரவு 10 மணி: 37.5, பல்ஸ் 104, பிரஷர் 112/74, மூச்சு 18, ஆக்சிஜன் 95.
அதிகாலை 2 மணி: 37.6, பல்ஸ் 112, பிரஷர் 108/76, மூச்சு 18, ஆக்சிஜன் 94.

ஆக்சிஜன் எதுவும் வைக்கவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு "பரவாயில்லை" என்றார். நாலரை மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போட்டிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை அவருக்கு. கை ஜில்லென்று இருந்தது. பல்ஸ் 128, பிரஷர் 84/58, ஆக்சிஜன் 91. டாக்டர் வந்து, உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே தையல் போட்ட இடம் கசிந்து வயிறு முழுக்கச் சீழ்.

பிழைத்துவிட்டார். ஐந்து நாள் ஐசியுவில் இருந்து வார்டுக்குத் திரும்பி, வீட்டுக்கும் போய்விட்டார். ஆனால் காலையில் "2 மணிக்கே ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டார்கள். "எல்லாம் நார்மலாகத்தானே இருந்தது" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அந்தச் சார்ட்டை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டும்?

நைட்_சார்ஜ்

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. அந்த மூன்று 18-ஐயும் யாராவது எண்ணினீர்களா?

புதுவார்டு

இல்லை அக்கா. முந்தைய ஷிஃப்டில் 18 என்று இருந்தது. பார்த்தால் சிரமப்பட்டு மூச்சு விடுகிற மாதிரி தெரியவில்லை. நானும் 18 என்றே எழுதினேன். இரண்டு தடவையும்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் எண்ணினார்கள். 32.

நைட்_சார்ஜ்

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சே நடந்திருக்காது. பத்தொன்பது வருஷமாக வார்டில் இருக்கிறேன். சார்ட்டில் நான் பார்த்த மிகப் பெரிய பொய் அந்த 18-தான். வேறு எதையும் மிஷின் காட்டிவிடும். மூச்சை மட்டும் மனுஷர்தான் நின்று எண்ண வேண்டும். அதனால்தான் அதுவே முதலில் விட்டுப்போகிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய, நோயாளி மோசமாவதைக் காட்டிக்கொடுக்கும் நியூஸ் 2 மதிப்பெண் முறையையே எடுத்துக்கொள்கிறேன். உன் வார்டில் வேறு முறை இருக்கலாம், அடிப்படை ஒன்றுதான்.

2 மணி வரிசை: பல்ஸ் 112-க்கு 2. மேல் பிரஷர் 108-க்கு 1. ஆக்சிஜன் 94-க்கு 1. சூடு 37.6-க்கு 0. விழிப்பாகப் பேசினார் என்றால் அதற்கும் 0. மூச்சு 18-க்கு 0. மொத்தம் 4. நான்கு என்றால் கவனித்துக்கொண்டிரு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார் என்கிற இடம்.

இப்போது மூச்சை மட்டும் மாற்று. 21-லிருந்து 24 வரை இருந்திருந்தால் 2 கூடி 6 ஆகிறது. டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டிய இடம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3 கூடி 7. அது எமர்ஜென்சி. நாலரை மணிக்கு 32 மூச்சு விட்டவர் இரண்டு மணிக்கு 18 விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எண்ணாத ஒரே ஒரு எண், "பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கும் "இப்போதே கூப்பிடு" என்பதற்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது பார்.

வகுப்பறை

செவிலியர் பயிற்சியில் பாடம் எடுக்கிறவள். நைட்_சார்ஜ் சிஸ்டர் சொன்னதற்கு உடம்பின் பக்கத்திலிருந்து காரணம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அசதியான நேரத்திலும் எண்ணத் தோன்றும்.

கிருமித் தொற்று ரத்தத்தில் பரவும்போது திசுக்களுக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. அப்போது லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தம் அமிலத்தன்மை அடைவதை உடம்பு சகித்துக்கொள்ளாது. அதைச் சரிக்கட்ட அதன் கையில் இருக்கும் வேகமான வழி, கார்பன் டை ஆக்சைடை வெளியே ஊதித் தள்ளுவது. அதனால் மூச்சு வேகமெடுக்கிறது. நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் இது நடக்கும். நோயாளிக்கே மூச்சுத்திணறல் என்று தோன்றாது. "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்.

இப்படி வேகமாக மூச்சு விடுவதாலேயே ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரம் நன்றாகவே இருக்கும். விரலில் மாட்டுகிற கருவி 95 காட்டினால், அந்த 95-ஐ எட்ட உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று அது சொல்லாது. பிரஷரும் அப்படித்தான். ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். கைவிடும்போது ஒரேயடியாகக் கைவிடும். 108-லிருந்து இரண்டரை மணி நேரத்தில் 84 ஆனது அப்படித்தான்.

அந்தச் சார்ட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 42, 38, 32. கீழே உள்ளது அப்படியே நிற்க, மேலே உள்ளது மட்டும் இறங்கி வருகிறது. இடைவெளி சுருங்குவது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுகிற ரத்தம் குறைகிறது என்பதற்கான அடையாளம்.

அந்த அம்மாவுக்கு முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா? சிறுநீர் எவ்வளவு போனது?

புதுவார்டு

மேடம், ஆமாம். பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அட்மிஷன் அன்று 152/90 என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

சிறுநீர்ப் பை இருந்தது. 10 மணியிலிருந்து 2 மணி வரை 70 மில்லி. நான்தான் அளந்து எழுதினேன். ஆனால் அது வேறு தாள்.

நைட்_சார்ஜ்

"அது வேறு தாள்." இதைத்தான் இந்த இழையைப் படிக்கிற எல்லாரும் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லி சிறுநீராவது போக வேண்டும். அந்த அம்மா 60 கிலோ என்று வைத்துக்கொள். மணிக்கு 30, நாலு மணி நேரத்துக்கு 120. போனது 70. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அந்தப் பை 2 மணிக்கே சொல்லிவிட்டது. நீ அதை அளக்கவும் செய்தாய், எழுதவும் செய்தாய். ஒரு தாளில் பல்ஸ், இன்னொரு தாளில் சிறுநீர், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பழைய பிரஷர். மூன்றையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

152 இருந்தவருக்கு 108 என்பது நார்மல் இல்லை, தங்கச்சி. 44 குறைந்திருக்கிறது. நியூஸ் 2 அதற்கு ஒரு மதிப்பெண்தான் கொடுக்கும், ஏனென்றால் அதற்கு இந்த அம்மாவைத் தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். டியூட்டி எடுத்ததும் ஒவ்வொருவருக்கும் "இவருக்கு வழக்கமாக எவ்வளவு?" என்று ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள். அதற்குப் பிறகு நீ எடுக்கும் எந்த எண்ணையும் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடாதே. அவருடைய எண்ணோடு ஒப்பிடு.

நடைபாதை

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. இரவில் ஒரு நர்ஸுக்கு 20, 22 நோயாளி. ஒருவருக்கு முழு நிமிடம் மூச்சு எண்ணினால் 22 நிமிடம் அதற்கே போய்விடும். மருந்து யார் கொடுப்பது, டிரிப் யார் மாற்றுவது, புது அட்மிஷனை யார் பார்ப்பது? அந்தப் பெண் சோம்பேறித்தனத்தால் 18 எழுதவில்லை. ஆள் போதாமல் எழுதினாள். அதை அவள் தலையில் கட்டக் கூடாது.

அப்புறம் இந்த மதிப்பெண் அட்டைகள். விழும் அபாயத்துக்கு ஒன்று, படுக்கைப்புண்ணுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, சுயநினைவுக்கு ஒன்று. அட்டை நிரப்புவதிலேயே நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமில்லை.

நைட்_சார்ஜ்

நடைபாதை, ஆள் பற்றாக்குறை பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதனால் 18 எழுதலாம் என்று ஆகிவிடாது. எண்ணவில்லையா, "எண்ணவில்லை" என்று எழுதுங்கள். காலியாக விட்டாலும் பரவாயில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருகிறவர் எண்ணுவார். 18-ஐப் பார்த்தால் நிம்மதியாகப் போய்விடுவார். அது மட்டுமில்லை, எல்லாச் சார்ட்டிலும் 18 இருக்கும்வரை "இருக்கிற ஆளே போதும், வேலை நடக்கிறதே" என்றுதான் மேலே இருப்பவர்கள் சொல்வார்கள்.

22 பேருக்கும் ஒரே அவசரம் இல்லை. டியூட்டி எடுத்ததும் வார்டை ஒரு சுற்று வாருங்கள். கையில் ஒன்றும் வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாளுக்குள் இருப்பவர், ஆக்சிஜனில் இருப்பவர், மார்ஃபின் போன்ற வலி மருந்து ஓடுகிறவர், இன்று காய்ச்சல் வந்தவர், மாலையில் ஏதாவது ஒரு எண் மாறியவர். பெரும்பாலும் ஆறேழு பேர் தேறுவார்கள். அவர்களுக்கு முதலில் எண்ணுங்கள்.

எப்படி எண்ணுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும். பல்ஸ் பார்த்து முடித்ததும் கையை விடாதீர்கள். மணிக்கட்டில் விரல் அப்படியே இருக்கட்டும், கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். மூச்சு எண்ணுகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். போர்வை மூடியிருந்தால் போர்வையின் ஒரு மடிப்பைப் பாருங்கள், அது ஏறி இறங்கும். மேலோட்டமான மூச்சு என்றால் அவருடைய கையையே வயிற்றின் மேல் வைத்து அதன் மேல் பிடித்துக்கொள்ளுங்கள். முழு 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலே நாலு தவறிவிடும்.

அந்த ஒரு நிமிடம் வீணில்லை. அவர் முகத்தைப் பார்க்க நேரமில்லை என்றீர்களே, அந்த நேரம் இதுதான்.

ஐசியு_அண்ணன்

தங்கச்சி, ஐசியுவுக்கு உங்கள் வார்டுகளிலிருந்து வருகிறவர்களை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் இருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் யாரும் திடீரென்று மோசமாவதில்லை. முந்தைய 12 மணி நேரச் சார்ட்டைப் பிரித்தால் எங்கேயாவது ஓரிடத்தில் எண்கள் நகரத் தொடங்கியிருக்கும்.

நான் செய்வது இது. எண்ணுக்குப் போகும் முன் படுக்கையின் கால்மாட்டில் பத்து விநாடி நிற்பேன். ஆள் நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறாரா, கழுத்துத் தசை இழுக்கிறதா, நெற்றியில் வேர்வையா, உதடு என்ன நிறம். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூச்சு போதுமானது, மூளைக்கு ரத்தம் போகிறது. மூன்றும் ஒரே பதிலில் தெரிந்துவிடும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அங்கேயே நின்றுவிடுவேன். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், சுயநினைவு, பிறகு துணியை விலக்கி உடம்பு முழுக்க. இந்த வரிசையை மாற்ற மாட்டேன். ஒன்றைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போக மாட்டேன்.

ரத்த ஓட்டத்துக்குக் கையைத் தொட்டுப் பாருங்கள். எங்கிருந்து ஜில்லிப்பு ஆரம்பிக்கிறது, விரலிலா, மணிக்கட்டிலா, முழங்கையிலா? நடுவிரல் நுனியை இதயத்தின் உயரத்தில் வைத்து ஐந்து விநாடி அழுத்திவிட்டு விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதற்கு எந்த மிஷினும் வேண்டாம்.

ஆக்சிஜன் கருவியை நம்புவதற்கும் எல்லை உண்டு. கை ஜில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும். புகையில் சிக்கியவருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் 99 காட்டும், உள்ளே ஆக்சிஜன் போதாது. கருமையான தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆக்சிஜன் வைத்தவருக்கு 97 வந்தால் எத்தனை லிட்டரில் 97 என்று சேர்த்து எழுதுங்கள். காலையில் 2 லிட்டரில் 97, இரவில் 6 லிட்டரில் 97 என்றால் அது ஒரே 97 இல்லை.

மெதுவான மூச்சையும் மறக்க வேண்டாம். மார்ஃபின் ஓடுகிறவருக்கு மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம்தான் கூடும். பேசிக்கொண்டே கண் சொருகுகிறவரை "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடக் கூடாது. எழுப்பிப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதற்கும் 3 மதிப்பெண்தான், 25-க்குக் கொடுக்கிற அதே 3.

அப்பாவின்_மகள்

நான் நர்ஸ் இல்லை. படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. எந்த ஊர், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். இரண்டாம் நாள் காலையிலிருந்து ரொம்ப அமைதியாகிவிட்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், "ம்" என்பார், மூடிக்கொள்வார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஊர்க்கதை பேசுகிற மனுஷர். "அப்பா அப்பாவாக இல்லை" என்று நர்ஸிடம் சொன்னேன். "நல்லா தூங்குறார்மா, தொந்தரவு பண்ணாம இருக்காரே" என்றார்கள். மாலையில் வேறொரு சிஸ்டர் வந்தார். நான் சொன்னதை நின்று கேட்டார். அப்பாவிடம் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். டிசம்பர் என்றார், நவம்பர் என்றார், அதோடு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என் அப்பா கணக்கு வாத்தியார். அந்த சிஸ்டர்தான் டாக்டரைக் கூப்பிட்டார். சிறுநீரில் தொற்று, அதோடு உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது.

காய்ச்சலே இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வகுப்பறை

நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் மாணவர்களுக்கு இதைப் படித்துக் காட்ட உங்கள் அனுமதி கேட்கிறேன்.

காய்ச்சல் ஏன் இல்லை என்றால், வயதானவர்களின் உடம்பு தொற்றுக்கு எதிராகச் சூட்டை ஏற்றாமலே இருக்கக்கூடும். சில சமயம் சூடு குறையவும் செய்யும். நியூஸ் 2-ல் 35 அல்லது அதற்குக் கீழ் போனால் 3 மதிப்பெண், 39.1 அல்லது அதற்கு மேல் போனால் 2 தான். குளிர்ந்துபோவதைத்தான் அது அதிகம் அஞ்சுகிறது. இதயத்துக்கான சில மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்குப் பல்ஸும் ஏறாது. அந்த நேரத்தில் குழப்பம் மட்டுமே ஒரே அறிகுறியாக வரலாம்.

அந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். கத்துகிற, குழாயைப் பிடுங்குகிற வகையை எல்லாரும் கவனித்துவிடுவார்கள். அமைதியாகிவிடுகிற வகை யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் அது வார்டுக்கு வசதியாக இருக்கிறது. திடீரென்று வந்ததா, ஒரே நாளில் கூடிக் குறைகிறதா, ஒரு விஷயத்தில் மனம் நிலைக்கிறதா, இந்த மூன்றையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு வீட்டார்தான் பதில் சொல்ல முடியும். "இவர் வழக்கமாக எப்படி?" என்பது எந்தச் சார்ட்டிலும் இருக்காது. மறதி நோய் ஏற்கனவே இருப்பவருக்கும் இதுவே பொருந்தும். "அவருக்கு மறதி இருக்கே" என்று தள்ளிவிடுவதால்தான் பலருக்கு இது கண்ணில் படாமல் போகிறது. 2017 திருத்தத்தில் புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும் தனியாக 3 மதிப்பெண் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

நேரில் கண்டதை நோயாளியிடமே சரிபார்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கச் செவிலியர் ஐடா ஜீன் ஓர்லாண்டோ 1961-ல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: நாம் பார்த்ததும் நமக்குத் தோன்றியதும் சரிதானா என்று அவரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். புதுவார்டு, அந்த அம்மா வலிக்கு "பரவாயில்லை" என்றார் அல்லவா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டிருந்தாலும் குறைத்தே சொல்லியிருப்பார். அசையாமல் கிடந்தால் வலி குறைவாகத்தான் இருக்கும். "ஒரு தடவை இருமுங்கள்", "இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்திருந்தால் வயிறு பேசியிருக்கும்.

நடைபாதை

அப்பாவின்_மகள் எழுதியதைப் படித்தபின் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "தொந்தரவு பண்ணாம இருக்காரே" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

ஆனாலும் அட்டைகள் பற்றி என் கேள்வி அப்படியே இருக்கிறது. படுக்கைப்புண் அட்டை நிரப்புவதால் புண் வராமல் இருந்துவிடுமா?

தையல்நூல்

புண் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். வராமல் இருக்காது. 1987-ல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்ட பிரேடன் அட்டையில் 6 முதல் 23 வரை மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் அபாயம். 14 என்று எழுதிவிட்டு நோயாளியை மல்லாந்தே விட்டால் அந்த 14-க்கு அர்த்தம் இல்லை. அட்டையின் ஆறு தலைப்புகளில் எது அவரைக் கீழே இழுக்கிறது என்று பாருங்கள். ஈரமா, அசைய முடியாமையா, சாப்பிடாததா? ஈரம் என்றால் துணி மாற்றுகிற இடைவெளியைக் குறைக்க வேண்டும். அசைவு என்றால் திருப்பிவிடும் நேரத்தை எழுதி மாட்ட வேண்டும்.

குதிகாலைப் பாருங்கள். முதுகையும் பிட்டத்தையும் பார்க்கிறவர்கள் குதிகாலை மறந்துவிடுகிறார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடக் கெட்டியா, கொழகொழவென்று இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பிரஷர் பட்டை. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடுதலாகக் காட்டும். கை படுக்கைக்குக் கீழே தொங்கினாலும் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 95 இருப்பவர் சார்ட்டில் 108 ஆகிவிட முடியும்.

புதுவார்டு

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. 2 மணிக்கு எனக்குத் தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று. ராத்திரி போன் பண்ணினால் "இதுக்கா எழுப்பினே?" என்பார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் திக்கித் திணறுவேன்.

ஐசியு_அண்ணன்

அதற்குத்தான் ஒரு வரிசை இருக்கிறது. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும். நான்கே படி. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு மருத்துவத்துக்கு வந்த முறை. போன் எடுக்கும் முன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள். உன் நோயாளிக்கே எழுதிக் காட்டுகிறேன்:

"டாக்டர், சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் பேசுகிறேன். ஆறாம் படுக்கை அம்மா மோசமாகிக்கொண்டு வருகிறார், மதிப்பெண் 7. குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், வழக்கமான பிரஷர் 152. இப்போது 108. மூச்சு 26, முழு நிமிடம் எண்ணினேன். மாலையிலிருந்து பல்ஸ் 96, 104, 112 என்று ஏறுகிறது. நாலு மணி நேரத்தில் சிறுநீர் 70 மில்லி. உள்ளே கசிவோ தொற்றோ இருக்குமோ என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் நான் என்ன ஆரம்பிக்கட்டும்?"

அரை நிமிடம்கூட ஆகாது. "கொஞ்சம் டல்லா இருக்காங்க டாக்டர்" என்று ஆரம்பித்தால் அவர் "காலையில் பார்க்கிறேன்" என்பார். "இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்ற வாக்கியத்தை விட்டுவிடாதே, நிறையப் பேர் அங்கேதான் தயங்குகிறார்கள். அவர் சொன்ன உத்தரவைத் திருப்பிப் படித்துக் காட்டு. நேரத்தை எழுதிக்கொள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடு. அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அப்பாவின்_மகள்

வகுப்பறை மேடம், தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தடியோடு நடக்கிறார்.

நைட்_சார்ஜ்

புதுவார்டு, அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கிற ஹேண்டோவரையும் மாற்று. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சொல். "எல்லாம் நார்மல்" என்ற வார்த்தையை எடுத்துவிடு. எது மாறியது, எது மாறவில்லை, எதை நான் பார்க்க முடியவில்லை என்று சொல்.

புதுவார்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் நைட். வார்டைச் சுற்றி வந்து ஏழு பேரைக் குறித்துக்கொண்டேன். ஒன்பதாம் படுக்கையில் ஒரு தாத்தா, பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மாலை வரை சார்ட்டில் 18, 18, 18. பல்ஸ் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தபடியே போர்வை மடிப்பைப் பார்த்தேன். 24. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன், 24. பல்ஸ் 98, ஆக்சிஜன் 93, சூடு 38.2. மூச்சுக்கு 2, பல்ஸுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2, சூட்டுக்கு 1, மொத்தம் 6. இருமச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி இருமலில் நிறுத்திவிட்டார்.

துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போன் பண்ணினேன். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். டாக்டர் பத்து நிமிடத்தில் வந்தார். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. வலி மருந்தைச் சரிசெய்து, ஆன்டிபயாடிக் ஆரம்பித்து, நிமிர்ந்து உட்காரவைத்தோம்.

இன்று டியூட்டிக்கு வந்ததும் முதலில் அவருடைய சார்ட்டைத்தான் பார்த்தேன். எனக்குப் பிறகு இரண்டு ஷிஃப்ட் மாறியிருக்கிறது. வேறு வேறு கையெழுத்தில் 23, 22, 21, 19 என்று இருக்கிறது.